கண்ணாடிப் பெட்டிக் கட்டை

கட்டைக்குக் கிரீம் பூசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு அடி விழுந்தது. உச்சந்தலையில், உள்ளங்கையால். அடித்தது யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே எங்கள் பேக்கரியில் கிடையாது. "கட்டைக்கு எதுக்குடி இவ்வளவு மேக்கப்பு? கல்யாணம் பண்ணி வைக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் அடுப்புப் பக்கம் போய்விட்டான். கோபத்தில்கூட அடிக்கவில்லை. போகிற போக்கில் கதவைச் சாத்துவது மாதிரி அடித்தான். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. நரைக்குச் சாயம் பூசுகிறேன், படிக்கும்போது கண்ணாடி போடுகிறேன், இன்னும் தலையில் அடி வாங்குகிறேன்.

அது நிஜமான மரக்கட்டை. வருஷக் கடைசி விடுமுறை வந்துவிட்டால் எங்களிடம் கட்டை கேக்தான் ஓடும். முன்னொரு காலத்தில் எங்கேயோ குளிருக்காகப் பெரிய கட்டையாகப் பார்த்து வீட்டுக்குள் எரித்தார்களாம். எரிக்க இடமில்லாத வீடுகள் வந்த பிறகு கட்டையைத் தின்ன ஆரம்பித்துவிட்டார்கள். மெல்லிய தகடாகச் சுட்ட கேக்கைச் சூடு ஆறுவதற்குள் சர்க்கரைப் பொடி தூவிய துணியில் கவிழ்த்து, துணியோடு சேர்த்துப் பாய் மாதிரி சுருட்டி வைக்க வேண்டும். அப்புறம் பிரித்து, உள்ளே கிரீம் தடவி, மறுபடி சுருட்ட வேண்டும். ஒரு முனையைச் சாய்வாக வெட்டி மேலே ஒட்டினால் வெட்டுப்பட்ட கிளை. வெளியே சாக்லேட் கிரீம் பூசி முள்கரண்டியால் கோடு இழுத்தால் மரப்பட்டை. அந்தக் கடைசி வேலை என்னுடையது. வாசலில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் பார்வைக்கு வைக்கிற கேக் மட்டும் விளக்குச் சூட்டில் ரெண்டே நாளில் அழுது வடிந்துவிடும் என்பதால், விறகுக் கடையிலிருந்து ஒரு கட்டையைக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மேலே கிரீம் பூசி வைத்துவிடுவோம். நான் பூசினால் மரம் கேக் மாதிரி தெரியும், கேக் மரம் மாதிரி தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு எதைச் சொல்லிப் பெருமைப்பட.

எங்கள் அப்பா ஆரம்பித்து வைத்த வழக்கம் ஒன்று உண்டு. கெட்டுப்போன கேக் குப்பைக்குப் போகாது, யார் கெடுத்தார்களோ அவர்கள் முகத்துக்குப் போகும். அப்பாவுக்குப் பிறகு கடையோடு சேர்த்து இதையும் அண்ணன் எடுத்துக்கொண்டான். வேலைக்காரர்கள் இதற்குப் 'பொறந்தநாள்' என்று பேர் வைத்திருந்தார்கள். "இன்னைக்கு யாருக்குப் பொறந்தநாள்?" என்று காலையில் வரும்போதே கேட்டுக்கொள்வார்கள். முகத்தில் கிரீமோடு நிற்கிறவனைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள், வாங்கினவனும் பல்லைக் காட்டுவான். சிரிக்காவிட்டால் அடுத்து தட்டு பறக்கும். அது இரும்புத் தட்டு. அண்ணனுக்கு அவர்கள் வைத்த பேர் பாய்லர். ஒரு தடவை பாய்லர் வெடித்து அண்ணியின் இடது காதில் விட்ட அறையில், அந்தக் காது அதோடு போய்விட்டது. அன்றிலிருந்து அண்ணி கல்லாவில் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். எவ்வளவு பணிவு, எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறாள் என்று வாடிக்கையாளர்கள் மெச்சுவார்கள்.

விடுமுறைக்கு முந்தின வாரம் அது நடந்தது. நல்ல பகல் வெளிச்சம். அடுப்பிலிருந்து கேக் தகடுகள் வெளியே வந்த நேரம் பார்த்து, பால் வண்டி வராது என்று போன் வந்தது. அண்ணன் தட்டுகளை அப்படியே நடு மேஜையில் வைத்துவிட்டு, பால்காரரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்ட ஆரம்பித்தான். அவன் சுட்டதை அவன்தான் சுருட்ட வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது என்பது கடைச் சட்டம். மற்றவர்கள் டிபனுக்குப் போயிருந்தார்கள், மாவு பிசைகிறவரும் நானும் பார்த்துக்கொண்டே நின்றோம், தகடுகள் ஆறிக்கொண்டே இருந்தன. திட்டித் தீர்த்துவிட்டு வந்து அவன் முதல் தகட்டைச் சுருட்டினான், வெடித்தது. அடுத்தது குறுக்கே பிளந்தது. அதற்கு அடுத்ததை அவன் தொடவில்லை. நிமிர்ந்து எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். மாவு பிசைகிறவர் இதுதான் சமயம் என்று மூட்டை எடுக்கப்போகிற சாக்கில் ஸ்டோர் ரூமுக்குள் நழுவிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் அண்ணி, வாசலில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்ல உள்ளே வந்தாள். மேஜையைப் பார்த்தாள். "ஆறவிட்டா வெடிக்காம என்ன பண்ணும்" என்றாள். தனக்குள்ளே முணுமுணுப்பதாகத்தான் நினைத்துக்கொண்டாள். ஒரு காது போனவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு உயரமாகப் போகிறது என்று தெரியாது. அறை முழுக்கக் கேட்டது.

அண்ணன் அவளுடைய கொண்டையைப் பிடித்து, உடைந்த கேக்கின் மேல் முகத்தை வைத்து அழுத்தினான். பிறகு இழுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்திலிருந்த கிரீம் பாத்திரத்தில் அழுத்தினான். வழக்கமான பொறந்தநாளாக இருந்தால் ஒரு அப்பு, அதோடு முடிந்துவிடும். இது முடியவில்லை. அவன் சிரிக்கவும் இல்லை. அண்ணியின் கைகள் மேஜையைத் தட்டின, கிண்ணங்களைத் தள்ளின, ஒரு செருப்பு கழன்று சறுக்கிக்கொண்டு என் காலடிக்கு வந்தது. பாத்திரத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மனுஷக் குரல் மாதிரி இல்லை. "அண்ணா, மூச்சு! மூச்சு விடட்டும்!" என்று கத்தினேன். கத்தத்தான் செய்தேன், கிட்டே போகவில்லை. விட்டான். அவள் தரையில் உட்கார்ந்து இருமி, மூக்கிலிருந்து கிரீமைச் சிந்தினாள். "பொறந்தநாள் வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு, அவன் மூலையிலிருந்த தொட்டிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயைத் திறந்து கை கழுவ ஆரம்பித்தான். கூடவே சீட்டியடித்தான்.

அண்ணி எழுந்தாள். ஜன்னலோரம் இருந்த என் மேஜைக்கு வந்தாள். விளக்குச் சூட்டில் கிரீம் வழிந்துவிட்டதென்று கண்ணாடிப் பெட்டியிலிருந்து கட்டையை எடுத்துவந்து நான் சரிசெய்துகொண்டிருந்தேன். என் தோளிலிருந்த துண்டை உருவி முகத்தைத் துடைத்தாள். நன்றாகவே துடைத்தாள். இரண்டு கண், மூக்கு, பிறகு ஒவ்வொரு விரலாக. துண்டை மடித்து வைத்தாள். அப்புறம் கட்டையின் இரண்டு பக்கமும் கையைக் கொடுத்தாள். என் கை அதன் மேல்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போனாள். குழாய்ச் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் நினைத்திருந்தால் ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். பாத்திரத்துக்குள் அவள் தலை இருந்தபோது கத்திய அதே தொண்டைதான். வாயைத் திறக்கவில்லை, அதற்காக இன்றுவரை வருத்தப்படவும் இல்லை. கட்டை அவன் பின்மண்டையில் இறங்கியது. நெற்றி போய்க் குழாயில் மோதியது. அவன் மடங்கி விழுந்த பிறகு அவள் மறுபடியும் கட்டையை உயர்த்தினாள். அது கையை விட்டு நழுவி விழுந்து மேஜைக்கடியில் உருண்டது. ரத்தம் தொட்டித் தண்ணீரில் கலந்து, தரையிலிருந்த சாக்லேட்டில் கலந்து, எது எதுவென்று தெரியாமல் ஓடியது. கட்டையில் ஒரு பக்கம் கிரீமும் பிளாஸ்டிக் தாளும் உரிந்து நிஜப் பட்டை தெரிந்தது. நான் இழுத்திருந்த கோடுகளும் அதுவும் அச்சாக ஒன்றுபோலவே இருந்தன.

சத்தம் கேட்டு மாவு பிசைகிறவர் மூட்டையோடு ஓடிவந்தார். விழுந்து கிடக்கிற முதலாளியைப் பார்த்தார், தலைமுடியெல்லாம் கிரீமாக நிற்கிற அண்ணியைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். மூட்டையைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயையோ! கேக்குன்னு நெனச்சுக் கட்டையத் தூக்கிட்டாங்களே! பொறந்தநாளைத் திருப்பிக் கொடுக்கப் போயி இப்படி ஆயிருச்சே!"

பொய் என்று அவருக்கே தெரியாத பொய். ரெடிமேடாக வந்து என் மடியில் விழுந்தது. "ஆமா" என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், மத்தியானம் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். கட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தார், தூக்கியதுமே மூச்சுப் பிடித்துக்கொண்டது அவருக்கு. "காதுல பூ சுத்துறீங்களா? இது கேக் வெயிட்டா?" என்று கேட்டார். அதற்குள் நான் கதையை நன்றாகப் பிசைந்து வைத்திருந்தேன். கண் நிறையக் கிரீம், ஒன்றும் தெரியவில்லை, ஆத்திரத்தில் தடவிக்கொண்டு போய்க் கைக்குக் கிடைத்ததைத் தூக்கிவிட்டாள், கட்டை கேக்குகளுக்கு நடுவில்தான் இருந்தது, எங்கள் கடையில் கேக்கால் அடித்துக்கொள்வது சகஜம், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மாவு பிசைகிறவர் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். இன்ஸ்பெக்டர் அண்ணியின் பக்கம் திரும்பி, தெரிந்து அடித்ததாக இருந்தால் கொலை முயற்சி, வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும், கேக் என்று நினைத்துத்தானே எடுத்தீர்கள் என்று கேட்டார். அண்ணி கேட்காத காதைத்தான் அவர் பக்கம் வைத்திருந்தாள். நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். "அவருக்கு நெனவு வரட்டும். அவர் என்ன சொல்றாரோ அதுதான்" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போனார்.

அண்ணனுக்கு நினைவு வந்தது. மண்டையில் கீறல், நிறையத் தையல், நெற்றியில் ஒரு பெரிய கட்டு, ஆனால் ஆள் பிழைத்துக்கொண்டான். நான் பயந்துகொண்டே போய் நின்றேன். மாவு பிசைகிறவர் எனக்கு முன்னாலேயே போய்க் கதையைச் சொல்லியிருந்தார். அண்ணன் கட்டிலில் சாய்ந்துகொண்டு சிரித்தான். தையல் இழுத்து வலிக்க, வலிக்கச் சிரித்தான். இன்ஸ்பெக்டரிடம் புகார் இல்லை என்று சொல்லிவிட்டான். பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னான், நர்ஸிடம் சொன்னான், பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பிச் சொன்னான். "இத்தனை வருஷமா பேக்கரியில இருக்கா சார், கேக்கு எது கட்டை எதுன்னு தெரியல. இவளை வச்சுக்கிட்டு நான் எப்படிக் குப்பை கொட்டுறேன்னு நெனைக்கிறீங்க?" கடைத்தெருவே சிரித்தது. கல்லாவில் நிற்கிற அண்ணியிடம், "ஏம்மா, எனக்கு ஒரு கட்டை குடு, பார்த்துக் குடு, கேக்கு வேணும்" என்று கேட்டார்கள். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டு, கேக்கைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் ஆட்கள் போன பிறகு அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டான். சிரிப்பு போய்விட்டிருந்தது. "தெரியாமப் பண்ணிட்டா, சரி. ஆனா கை ஓங்கினா இல்ல? என் மேல? வீட்டுக்கு வரேன். இன்னொரு காது இருக்குல்ல" என்றான்.

நான் அண்ணியிடம் அதை அப்படியே சொல்லவில்லை. ஜாக்கிரதையாக இருங்கள், கொஞ்ச நாள் எங்கேயாவது போய் இருங்கள் என்றுதான் சொன்னேன். பகல் சாப்பாட்டு நேரம், கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தோம். அவள் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டாள்.

"எப்படி?"

"கேக்குன்னு நெனச்சேன்னு."

"உங்களைக் காப்பாத்தத்தான் அண்ணி."

"யாருகிட்டேர்ந்து?"

அவள் அடுத்த முட்டையை எடுத்தாள். "கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நானா யோசிச்சு, நானா செஞ்சது அது ஒண்ணுதான்டி. அதையும் தெரியாம செஞ்சுட்டேன்னு ஊரெல்லாம் சொல்ல வச்சுட்ட. அவரு சிரிக்கிறாரு. நான் எதுக்கு அடிச்சேனோ அது அவருக்குப் போயே சேரல." கோபமாகச் சொல்லவில்லை. கொடுத்த சாமான் தவறான வீட்டுக்குப் போய்விட்டது என்பது மாதிரி சொன்னாள். எங்கேயும் போக மாட்டேன் என்றும் சொன்னாள். நான் வெள்ளைக்கரு வழித்த விரலோடு அப்படியே நின்றேன். இத்தனை நாள் நான் அவளுக்கு உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். செய்தது என்னவென்றால், தெரிந்து அடித்தவளைப் பார்த்தாவது பயந்திருக்கக்கூடிய ஒருவனிடம், தெரியாமல் அடித்தவளைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் ஜெயில். சொல்லாவிட்டால் அவன்.

விடுமுறைக்கு முந்தின நாள், கூட்டம் நெரிகிற காலையில், அண்ணன் ஆட்டோவிலிருந்து இறங்கினான். டாக்டர் படுத்திருக்கச் சொன்னாராம், பாய்லர் படுக்குமா. வேலை அறைக்கு நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இது சரியில்லை அது சரியில்லை என்று ஆரம்பித்தான். அவன் இல்லாத நாட்களில் அண்ணிதான் தகடுகளைச் சுருட்டினாள். ஒன்றுகூட வெடிக்கவில்லை, அது அவனுக்குப் பொறுக்கவில்லை. தேடித் தேடி, ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருந்த ஒரு உருளையைக் கண்டுபிடித்துவிட்டான். அதன் மேல் கிரீமை அள்ளி அப்பி, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு எழுந்தான். இன்னொரு கையை முஷ்டியாக மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான். நான் பக்கவாட்டில் நின்றதால் அது எனக்குத் தெரிந்தது.

"எங்கடி அவ? வரச் சொல்லு. இன்னைக்கு அவளுக்குத்தான் பொறந்தநாள். கேக்கு எப்படி இருக்கும்னு சொல்லிக் குடுக்கிறேன்."

வேலைக்காரர்கள் சிரிக்கத் தயாரானார்கள். அண்ணி கல்லாவிலிருந்து உள்ளே வந்து, அவனுக்கு நாலடி தள்ளி நின்றாள். ஓடவில்லை, முகத்தை மறைக்கவுமில்லை. என் நாக்குதான் அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று தோன்றியது. நான் முள்கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அண்ணா, அவங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்?"

"கட்டைன்னு தெரியும். என் துண்டை வாங்கிக் கண்ணைத் தொடச்சுட்டுத்தான் எடுத்தாங்க. உன் பின்னாலயே நடு மேஜையில வரிசையா கேக்கு இருந்துச்சு. அதையெல்லாம் விட்டுட்டு, அறையச் சுத்தி வந்து, என் கைக்கு அடியிலேர்ந்து எடுத்தாங்க. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன். கையை எடுத்துக்கிட்டேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு ஒரு பக்கம் போனது, அதற்கு மேல் வரவில்லை. மாவு பிசைகிறவரைப் பார்த்தான். அவர் தன் காலைப் பார்த்தார். "பொய் சொல்றா" என்று அண்ணியிடம் சொன்னான். அவன் அண்ணியிடம் எதையாவது கேட்கிற மாதிரி பேசி நான் கேட்டதே இல்லை. "பொய்தானே?"

அண்ணி வலது காதைத் திருப்பிக் கேட்டாள். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தன் உயரம் தெரியாத அந்தக் குரலில் சொன்னாள்.

"தெரியும். ரெண்டாவது தடவையும் தூக்கினேன். கிரீம் வழுக்கிருச்சு."

முதுகுக்குப் பின்னால் மடங்கியிருந்த அவன் கை மெதுவாக மேலே போனது. ஓங்கப்போகிறான் என்றுதான் நான் கண்ணை இடுக்கிக்கொண்டேன். கை தலைக்குப் போய், பின்மண்டைத் தையலைத் தொட்டுப் பார்த்தது. அவன் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தான், அவள் கைகளைப் பார்த்தான். ஸ்டேஷனுக்குப் போவானா, இல்லை நாளைக்கே வேறு விதமாகத் தீர்ப்பானா என்று அந்த முகத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. நாற்பது வருஷமாகப் பார்க்கிற முகம்தான். வாசலில் மணி அடித்தது. "வரேன்" என்று குரல் கொடுத்த அண்ணி உடனே போய்விடவில்லை. மேஜையிலிருந்த கேக்குகளில் ஒன்றை எடுத்து, பலகையை ஒரு கையால் அடியில் தாங்கிக்கொண்டு, அவனைச் சுற்றிக்கொண்டு அவன் முதுகுப் பக்கமாக நடந்து போனாள். அவள் போகப் போக அவனும் கூடவே திரும்பினான்.

அவள் வாசலுக்குப் போன பிறகும் அவன் உட்காரவில்லை. ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய், சுவரோடு ஒட்டிப் போட்டு, முதுகு சுவரில் படுகிற மாதிரி உட்கார்ந்தான். இன்னொரு கையில் கேக் அப்படியே இருந்தது. கிரீம் மணிக்கட்டில் இறங்கி முழங்கைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவன் கேட்கவில்லை, யாரும் போய் வாங்கிக்கொள்ளவும் இல்லை.